மூன்றடுக்கு வண்ண மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அக்டோபர் முதல் வாரத்து மலையைப் பற்றிப் பேசும்போது ஜப்பானியர்கள் 'சண்டான் கோயோ' என்பார்கள். மூன்றடுக்கு இலையுதிர் வண்ணம் என்று சொல்லலாம். உச்சியில் புதுப்பனியின் வெள்ளை, நடுவில் சிவந்தும் மஞ்சளாகியும் நிற்கும் இலைகள், அடியில் இன்னும் மாறாத பச்சை. மூன்றும் ஒரே படத்தில் விழும் நாட்கள் வருடத்துக்குச் சிலதான். அதற்காகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. நானும் கிளம்பியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் மேலடுக்கைப் பற்றியது. கீழே நின்று பார்த்தால் மாவு சலித்துத் தூவியது போலிருக்கும் அந்த வெள்ளையில், 1989 அக்டோபர் 8 ஞாயிற்றுக்கிழமை, டாட்டேயாமா மலைமுகட்டில் நடந்துகொண்டிருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். பனிச்சரிவு கிடையாது. பாறையிலிருந்து யாரும் விழவில்லை. குளிரில் உடல் சூடு இறங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார்கள். நல்ல வெயில் நாளில் சுமாராக நடக்கிறவர்கள்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டு தாண்டிவிடும் பாதை அது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் 'சரியான உடை இல்லாமல் போய்விட்டார்கள்' என்ற இடத்தில் முடிந்துவிடும். உடை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையின் முதல் பகுதியை ஒரு அக்டோபரில் நடந்து பார்த்த பிறகு என் கவனம் வேறொரு பக்கம் போனது. சிரமமில்லாமல் திரும்பிவிடக்கூடிய கடைசி இடம் அந்த முகட்டில் எங்கே இருக்கிறது, அங்கே நிற்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் அது. அங்கே நிற்கும்போது நமக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. சிக்கலே அதுதான்.

முதலில் நிலம். டாட்டேயாமா ஹொன்ஷு தீவின் நடுப்பகுதியில், ஜப்பான் கடலைப் பார்த்து நிற்கும் மலை. ஃபுஜி, ஹகுசான், டாட்டேயாமா மூன்றையும் நாட்டின் மூன்று புனித மலைகள் என்பார்கள். டாட்டேயாமா என்று ஒரு தனிச் சிகரம் கிடையாது. 3,003 மீட்டர் ஓயாமா, 3,015 மீட்டர் ஓனாஞ்ஜி, 2,999 மீட்டர் ஃபுஜி நோ ஓரிடாட்டே ஆகிய மூன்றும் வரிசையாக நிற்பதற்குச் சேர்த்து வைத்த பெயர் அது. அந்த வரிசை தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கே போய்ச் சேருவது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. 1971-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட டாட்டேயாமா குரோபே ஆல்பைன் வழித்தடத்தில், 475 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாட்டேயாமா நிலையத்தில் கேபிள் காரில் ஏறினால் 7 நிமிடத்தில் 977 மீட்டரில் பிஜோதைரா. அங்கிருந்து பஸ்ஸில் 50 நிமிடம் போல. சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பீச் மரங்களைப் பார்த்து, கொஞ்சம் தூங்கி எழுந்தால் 2,450 மீட்டரில் முரோடோ வந்துவிடும். சுமார் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஏறியாகிவிட்டது, ஒரு சொட்டு வியர்வைகூட இல்லாமல். மலையடிவாரத்திலிருந்து காலால் ஏறி வருகிறவனுக்கு வழியெல்லாம் காற்றும் குளிரும் மாறுவது உடம்பில் ஏறும். பஸ்ஸில் வந்தவனுக்கு அந்தப் பாடம் நடக்கவே இல்லை. அவன் உடம்பு இன்னும் நகரத்திலேயே இருக்கிறது.

முரோடோ ஒரு பெரிய கிண்ணம் மாதிரியான மேட்டு நிலம். செப்டம்பர் பின்பாதியிலிருந்து அங்கே தரையே சிவக்கும். சிங்குருமா என்ற முழங்கால் உயரம்கூட இல்லாத செடி, அதற்கு மேல் நானகமாடோ மரத்தின் சிவப்பு இலையும் சிவப்புக் கொத்துக் காயும், இடையிடையே தரையோடு படர்ந்த பைன் புதரின் கரும்பச்சை. ராய்ச்சோ என்ற மலைக்கோழி அந்தப் பருவத்தில் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாகக் குளிர்கால இறகுக்கு மாறிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலே போவதில்லை. குளத்தைச் சுற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

மேலே போகிறவர்களுக்கு வழி இப்படி. முரோடோவிலிருந்து கல் பாவிய பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் இச்சினோகோஷி கணவாய், சுமார் 2,700 மீட்டர். அங்கே ஒரு மலைக்குடில் இருக்கிறது. கணவாயிலிருந்து உடைகற்கள் குவிந்த செங்குத்தில் இன்னொரு மணி நேரம் ஏறினால் ஓயாமா, உச்சியில் கோயில். அப்புறம் முகட்டிலேயே வடக்கே நடந்தால் ஓனாஞ்ஜி, ஃபுஜி நோ ஓரிடாட்டே, மசாகோ, பெஸ்ஸான் என்று ஒவ்வொன்றாக வரும். பெஸ்ஸானைத் தாண்டி, ட்சுருகி மலையைப் பார்த்தபடி இன்னொரு குடில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே இறங்கி, ராய்ச்சோ ஓடை வழியாக மறுபடி முரோடோ. ஆறேழு மணி நேரத்தில் முடியும் வட்டம். நாள் முழுக்கக் காட்சி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைக்குப் பின் மலை. இதைவிட நல்ல ஒருநாள் நடை ஜப்பானில் அதிகம் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

1989-இல் அந்தப் பத்துப் பேர் கியோட்டோ, ஷிகா பகுதியைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் வரிக் கணக்காளர்கள், நடுவயதும் அதற்கு மேலும். அக்டோபர் 10 அப்போது விளையாட்டு நாள் என்ற பொது விடுமுறை. ஞாயிறை ஒட்டி அது வந்ததால் மலைக்குப் போக வசதியான வாரம். முரோடோவுக்கு வந்து, இச்சினோகோஷி வழியாக ஓயாமா ஏறி, முகட்டில் வடக்கே நடப்பது திட்டம். வழியில் வானிலை கெட்டு, காற்றும் பனியும் சேர்ந்துகொண்டன. சிலர் முகட்டிலேயே தளர ஆரம்பித்தார்கள், கூட்டத்தின் வேகம் இறங்கியது. ஓனாஞ்ஜியும் ஃபுஜி நோ ஓரிடாட்டேயும் தாண்டி மசாகோ பக்கம் வந்தபோது பலரால் அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. இருவர் உதவி தேடி முன்னால் போனார்கள். பிழைத்தது அந்த இருவர்தான். மற்ற எட்டுப் பேரும் பிழைக்கவில்லை.

மசாகோ என்ற பெயருக்கு ஜப்பானிய மொழியில் நுண்மணல் என்று பொருள். அந்த மலை அப்படித்தான் இருக்கும். ஃபுஜி நோ ஓரிடாட்டேயின் கரடுமுரடான பாறையிலிருந்து இறங்கியதும் முகடு சட்டென்று அகலமாகி, பொடிக்கல் பரந்த மொட்டை மேடாகிவிடும். விழுந்தாலும் அடிபடாத இடம். வெயில் நாளில் இந்த நடையிலேயே மனசு லேசாகும் பகுதி அதுதான், கையை வீசி நடக்கலாம். ஆனால் காற்றடிக்கும் நாளில் முதுகைச் சாய்த்து ஒதுங்க ஒரு பாறை கிடையாது. பனி பறந்து வெளுத்துவிட்டால் எது முகடு, எது சரிவு என்று காலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆபத்தான இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடும் இடத்தில்தான் இது நடந்தது. அந்த மேட்டுக்குச் சற்று வடக்கே குரானோசுகே என்ற மலைக்குடில் வரைபடத்தில் இருக்கிறது. விரலால் அளந்தால் ஒரு நகக்கண் தூரம்.

அக்டோபர் தொடக்கத்தில் பனியா என்று கேட்கலாம். டாட்டேயாமாவில் அது அதிசயம் இல்லை. முதல் பனி வழக்கமாக விழும் காலமே அதுதான். மூன்றடுக்கு வண்ணம் என்ற சொல் பிறந்ததே அதனால்தானே? காரணம் கடலும் காற்றும். மேற்கே ஆசியக் கண்டத்தில் உயர் அழுத்தமும் கிழக்கே பசிபிக் பக்கம் தாழ் அழுத்தமும் அமைந்தால், வானிலைப் படத்தில் சமஅழுத்தக் கோடுகள், அதாவது காற்றழுத்தம் ஒரே அளவில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், வடக்கு தெற்காக நெருக்கமாக விழும். ஜப்பானில் குளிர்காலம் முழுக்க இதே கதை. குளிர்ந்த வடமேற்குக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். கரையேறியதும் 3,000 மீட்டர் சுவர் குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏற, குளிர, சுமந்து வந்த ஈரமெல்லாம் பனியாகக் கொட்டும்.

இந்த அமைப்பு அக்டோபரில் ஓரிரு நாள் தலைகாட்டிவிட்டுப் போகும். 1989 அக்டோபர் 8-இல் நடந்தது அதுதான். நாட்காட்டிப்படி இலையுதிர் காலம், முகட்டில் மட்டும் ஒரு நாள் ஜனவரி. அக்டோபரில் கடல் இன்னும் கோடைச் சூட்டை வைத்திருப்பதால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படி விழும் பனியும் ஈரமானது. ஜனவரிப் பனியை உடையிலிருந்து தட்டிவிடலாம், இது ஒட்டி, உருகி, ஊறும்.

இங்கேதான் முன்னால் சொன்ன திசை வருகிறது. முகடு தெற்கு வடக்காக ஓடுகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. முரோடோவிலிருந்து இச்சினோகோஷிக்கு ஏறும்போது நடை கிழக்கு முகமாக, காற்று முதுகில். அது தள்ளிவிடும், ஏறுவது சுலபமாகவே இருக்கும். கணவாயில் இடது பக்கம் திரும்பி முகட்டில் ஏறியதும் அதே காற்று இடக்கன்னத்தில். திரும்பி வந்து கணவாயிலிருந்து இறங்கலாம் என்று நினைத்தால் முழுதும் முகத்தில். போகிற வழி எளிதாகவும் வருகிற வழி கடினமாகவும் இருப்பதால், தூரம் கூடக் கூடத் திரும்புவதற்கான விலையும் கூடுகிறது. பஸ்ஸில் வந்த உடம்புக்குக் காற்றும் முதலில் நண்பனாகத்தான் அறிமுகமாகிறது.

இனி உடம்பு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மலைக்குக் கீழே டொயாமா நகரில் 18 டிகிரி என்று சட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரிகிற நாளில் ஓயாமா உச்சி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதுவும் குளிர்காற்று இறங்காத நாளில். பூஜ்யத்துக்கு 5 டிகிரி கீழே, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், வட அமெரிக்காவில் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரப்படி திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 15. இந்தக் கணக்கு காய்ந்த தோலுக்கு. நனைந்த உடைக்கு எந்தச் சூத்திரமும் கருணை காட்டாது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்திச் சட்டை வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் மெல்லிய மழைக்கோட்டைப் போட்டால் வெளித்தண்ணீர் வராது, உள்வியர்வையும் போகாது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம். நடுங்கும் உடல் இன்னும் சண்டை போடுகிறது என்று அர்த்தம். 32 டிகிரி வாக்கில் நடுக்கமே நின்றுவிடும், அது நல்ல செய்தி அல்ல. கடைசிக் கட்டத்தில் சிலர் சூடாக இருப்பதாக உணர்ந்து போட்டிருப்பதைக் கழற்றுவதும் உண்டு. ஆனால் முகட்டில் நடக்கிறவர்களைப் பொறுத்தவரை இதற்கெல்லாம் முன்பு நடப்பதுதான் முக்கியம். நடுக்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தலை மந்தமாகிறது. பையில் ஸ்வெட்டர் இருக்கும், எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றாது. போகலாமா திரும்பலாமா என்று யோசிக்க வேண்டிய உறுப்பே முதலில் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. நிலைமை மோசமானதும் முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர் அந்த முடிவை அரை மூளையிடம் ஒப்படைக்கிறார்.

நான் போன நாளைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, அக்டோபர் இரண்டாம் வாரம், ஆபீஸ் நண்பர்களோடு நான்கு பேர். முந்தைய இரவு பனி விழுந்திருந்தது, அதைக் கேள்விப்பட்டுத்தான் கிளம்பினோம். முரோடோவில் இறங்கியபோது பளீரென்று வெயில். வாழ்நாளில் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று. தரையில் சிவப்பு, மேலே வெள்ளை, அதற்கும் மேலே மை ஊற்றிய மாதிரி நீலம். திட்டம் அதே வட்டம்தான். முகட்டில் மேற்கு ஓரமாக ஒரு மேகக் கோடு இருந்தது. அழகாகவே இருந்ததால் அதையும் சேர்த்துப் படம் எடுத்தோம்.

கணவாய்க்கு ஏறும் வழியில் பனி கணுக்கால் அளவு. கற்களின் மேல் காலையில் உருகிய நீர் நிழலில் மறுபடி உறைந்து கண்ணாடியாகியிருந்தது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பதை நான் அதுவரை பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். பாறைகளில் வெள்ளைப் பெயின்ட்டால் வழி காட்ட வட்டம் போட்டிருப்பார்கள். பனி விழுந்தால் முதலில் மறைவது அந்த வட்டங்கள்தான். வெள்ளையில் வெள்ளை எங்கே தெரியும்?

இச்சினோகோஷியில் அறிவிப்புக் கம்பத்தைப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் உறைபனி செதில் செதிலாக நீட்டிக்கொண்டிருந்தது, கை நீளத்துக்கு. ஜப்பானியர்கள் அதை 'இறால் வால்' என்பார்கள், அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். காற்றில் மிதக்கும் குளிர்ந்த நீர்த்துளிகள் கம்பத்தில் மோதிய கணமே உறைந்து, மேலும் மேலும் ஒட்டி, காற்று வரும் திசையை நோக்கி வளரும். காற்று அடித்துத் தள்ளிய பக்கமாக வளர்வதுதானே இயல்பு என்று நமக்குத் தோன்றும். நேரெதிர். ஆக அந்த வால் ஒரு பதிவேடு: ராத்திரி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரத்தோடு காற்று அடித்தது என்று அதில் எழுதியிருக்கிறது. நீட்டிக்கொண்டிருந்த திசை மேற்கு.

குடிலின் சுவரோரம் ஒதுங்கி சாக்லேட் உறையைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. விரல் வலிக்கவில்லை, குளிரவும் இல்லை. சொன்ன பேச்சை மட்டும் கேட்கவில்லை. கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பது மலையேறுகிறவர்களின் பழைய சோதனை. வலது கையில் தொட்டேன். இடது கையில் கட்டைவிரல் மோதிர விரலோடு நின்றுவிட்டது. கையுறை பையில்தான் இருந்தது. கம்பளிக் கையுறை, காய்ந்து, மடித்து வைத்தபடி. முரோடோவிலிருந்து ஒரு மணி நேரமாக எடுத்துப் போடத் தோன்றவே இல்லை. ஏறும்போது உடம்பு சூடாகத்தானே இருந்தது?

எங்களில் இளையவன், "அண்ணா, ஓயாமா ஒரு மணி நேரம்தானே, ஏறிட்டாவது வந்துடலாமே" என்றான். மேலே ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆட்கள் போகிறார்கள் என்பதே ஒரு வாதமாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் பையில் என்ன இருக்கிறது, காலில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி செயின் ஸ்பைக் இருந்தது, பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் பல் வைத்த சங்கிலி. அது போதும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் உண்மையாகவே சொன்னார். இறங்கிவிட்டோம். வீரமான முடிவெல்லாம் இல்லை, எனக்குச் சாக்லேட் உறையைப் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணவாயில் நின்றதால்தான் 1989-ஐ வேறு மாதிரி படிக்க முடிந்தது. வரைபடத்தை எடுத்து, வெளியேறும் வழிகளை மட்டும் குறித்துப் பாருங்கள். இச்சினோகோஷியில் கட்டடம் இருக்கிறது, கீழே கல் பாவிய பாதை, ஒரு மணி நேரத்தில் பஸ் நிலையம். ஓயாமாவிலிருந்து திரும்பினால் அந்தச் செங்குத்தை இறங்க வேண்டும். பனி மூடிய உடைகல்லில் இறங்குவது ஏறுவதைவிட மோசம், ஆனாலும் வழி இருக்கிறது. ஓனாஞ்ஜி, ஃபுஜி நோ ஓரிடாட்டே வரை போய்விட்டால் பக்கவாட்டில் இறங்கப் பாதை கிடையாது. அதைத் தாண்டி மசாகோவுக்கு முன்னால் மேற்கே ராய்ச்சோ ஓடைக்கு இறங்கும் ஒரு தடம் இருக்கிறது. அதில் இறங்க வேண்டுமானால் வாயில் வந்து அறையும் காற்றை நோக்கி, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் காலை வைக்க வேண்டும். ஆக ஓயாமா தாண்டிய பிறகு 'திரும்பலாம்' என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் முன்னே இருக்கும் குடில்தான் பின்னால் இருப்பதைவிடப் பக்கம் என்று தோன்றும். தூரத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் பத்துப் பேர் என்ற எண். தனியாக நடக்கிறவன் பயந்தால் திரும்பிவிடுவான். பத்துப் பேரில் பயந்தவன் யோசிப்பது வேறு: என்னால் மற்ற ஒன்பது பேரின் லீவு வீணாக வேண்டுமா? பத்துப் பேரும் இதையே யோசித்தால் வாய் திறக்க ஆள் இல்லை. அந்தப் பத்துப் பேர் உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் நான்கு பேரிடமே இது இருந்தது, அதனால் சொல்கிறேன். அடுத்தது வேகம். ஒருவர் தளர்ந்தால் மற்றவர்கள் நிற்பார்கள். நின்றால் தசை வெப்பம் தருவதை நிறுத்தும், வியர்வை குளிரும். தளர்ந்தவருக்குச் செலவாகும் ஒவ்வொரு பத்து நிமிடமும் திடமாக இருப்பவரின் சூட்டிலிருந்துதான் கழிகிறது. நண்பனை விட்டுப் போகாமல் கூடவே இருப்பது நல்ல குணம். அந்த முகட்டில், அந்தக் காற்றில், அந்தக் குணமே எல்லோரையும் ஒரே வேகத்தில் குளிர வைக்கிறது. இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. கூட்டமாக நடந்தால் காற்றில் நிற்காமல், பாறை மறைவில் மட்டும் நிற்பது, தளர்ச்சி முதலில் தெரிந்த நிமிடமே எல்லோரும் ஒன்றாக இறங்குவது என்ற அளவில்தான் சொல்ல முடிகிறது.

நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலச் சூரியன் கிணற்றில் விட்ட வாளி போல விழும் என்று ஜப்பானில் பழமொழி. அக்டோபர் 8 வாக்கில் டொயாமா பக்கம் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மேகம் கவிந்தால் இருட்டு அதற்கும் முன்னால். கோடையில் இதே பாதையில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் வெளிச்சத்தில் குடிலுக்குப் போய்ச் சேரலாம். அக்டோபரில் அந்த இரண்டு மணி நேரம் பையில் இல்லை.

உடை விஷயத்துக்கு வருகிறேன், அதைத் தட்டிக்கழிக்கவில்லை. உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, வெளியே ஆவியை விடும் மழையுடை, இரண்டாவது ஜோடி கையுறை, காது மூடும் தொப்பி, தலைவிளக்கு, ஆளுக்கு ஒரு செயின் ஸ்பைக். எடை இரண்டு கிலோகூட வராது. செயின் ஸ்பைக்கையும் பெரிதாக நம்ப வேண்டாம்: மிதித்து இறுகிய பனியில் கடிக்கும், செங்குத்தில் உறைந்த பனிக்கு அது போதாது, அங்கே நீளமான இரும்புப் பற்கள் உள்ள நிஜமான கிராம்பன் வேண்டும், அதை மாட்டி நடக்கத் தெரியவும் வேண்டும். நான்கைந்து பேர் நுழைந்து உட்காரும் மெல்லிய அவசரக் கூடாரம் ஒன்று கிடைக்கிறது, மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. மசாகோ மாதிரி மறைவே இல்லாத மேட்டில் அது ஒன்றுதான் சுவர். ஆனால் கையுறை பையில் இருந்தும் எடுத்துப் போடாதவனை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாள் இச்சினோகோஷியில் நின்ற நான்தான் அவன்.

வானிலைச் செய்தி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது, 1989-இல் இல்லாத வசதி. ஆனால் பலர் பார்ப்பது அடிவார ஊரின் வானிலையை. அங்கே 'லேசான மழை' என்று போட்டிருந்தால் முகட்டில் அது கிடைமட்டமாக அடிக்கும் பனி. மழைப் படத்தைவிட அழுத்தப் படத்தைப் பாருங்கள் என்பேன். மேற்கே உயர் அழுத்தம், கிழக்கே தாழ் அழுத்தம், நடுவில் நெருங்கிய கோடுகள் என்றால் அன்றைக்கு முரோடோவிலேயே குளத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். கைபேசி பேட்டரியும் குளிரில் சட்டென்று படுத்துவிடும், சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

இதே மசாகோவில் 2013 நவம்பர் 23 அன்று பனிச்சரிவில் ஏழு பனிச்சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். அது முழுக்க வேறு கதை, வேறு காரணம். ஒரே இடம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் குறிப்பிடுகிறேன்.

நாங்கள் இறங்கி வந்த கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. முரோடோவுக்கு வந்து சேர்ந்து, சூடாக எதையோ குடித்து, இடது கை திரும்ப என்னுடையதாகி ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தபோது மணி ஒன்றரை இருக்கும். அந்த மேகக் கோடு கரைந்தே போயிருந்தது. ஓயாமா கோயில் வரை துல்லியமாகத் தெரிந்தது, காற்றும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுக்க ஒரு பொட்டு மேகம் வரவில்லை. கணவாயில் பார்த்த அந்த ஏழெட்டுப் பேரும் சாவகாசமாக முகட்டில் நடந்துபோவது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

இளையவன் அதைக் காட்டி, "பாத்தீங்களா அண்ணா?" என்றான். நான் பார்த்தேன். இன்றைக்கும் எங்கள் குழுவில் எந்தப் பயணத் திட்டம் போட்டாலும் அந்த நாளை ஒரு முறை இழுக்காமல் விடமாட்டான்.